முதலில் நடை

(இரும்பையில் இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிட்டு மதிலோரம் நிற்கும் தம்பிகளே!

முதலில் ஒரு மன்னிப்பு. நீங்கள் அன்போடு போர்த்திய பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டேன். சரிகை கழுத்தில் குத்துகிறது. கையைத் தூக்கிப் பேசினால் ஒரு பக்கம் சரிகிறது. அதைப் பிடிப்பதா, பேச்சைப் பிடிப்பதா என்று ஆகிவிடுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பேச வந்த விஷயமே இதுதான்.

என்னை அழைக்க வந்த தம்பி வண்டியை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் வணக்கம் சொன்னார். "சார், இலக்கியம் பக்தி எல்லாம் வருசா வருசம் பேசறாங்க. நீங்க ஆம்பளைங்க ஸ்டைலைப் பத்திப் பேசுங்க. எது போட்டாலும் ஆறு மாசத்துல பழசாயிடுது. நிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்றார். நாற்பது வருடம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று முதலில் தோன்றியது. இரவு படுத்த பிறகு, இது என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான் என்று பட்டது.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் 'ஸ்டைல்' என்ற சொல்லுக்கு ஒரே ஆள்தான் சொந்தக்காரர். ரஜினிகாந்த். அவரைத் திரையில் பார்த்துவிட்டு நெற்றி முடியைக் கோதிக்கொண்ட தலைமுறை என்னுடையது. அந்த மனிதர் மேடைக்கு வரும்போது பாருங்கள். வழுக்கைத் தலை, நரைத்த தாடி, சாதாரணச் சட்டை. திரையில் போட்டதைத் தொழிலோடு கழற்றி வைத்துவிட்டு வருகிறார். நாம் இத்தனை வருடம் காப்பியடித்ததெல்லாம் அவர் கழற்றி வைத்ததை.

தமிழில் இதற்கு ஒரு தொடர் இருக்கிறது. உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். பெண் பார்த்துவிட்டு வந்தாலும் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தாலும் "நடை உடை பாவனை எப்படி?" என்றுதான் கேட்பார்கள். உடை நடை என்று யாரும் சொல்வதில்லை. நடை முதலில், உடை நடுவில், பாவனை கடைசியில். அந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது என்பது என் எண்ணம். அதோடு, ஓர் எழுத்தாளனின் எழுத்து எப்படி என்று கேட்கும்போதும் தமிழில் "நடை எப்படி" என்றுதான் கேட்கிறோம். கால் போடுகிற நடைக்கும் கை எழுதுகிற நடைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதனால்தான் தமிழ் வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்றேன்.

போன மாசியில் மரக்காணம் போயிருந்தேன். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் உப்பளம் தொடங்கிவிடும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்கே பாத்திகளின் மேல் வெயில் கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்தது. அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். வெளிறிப்போன முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை டவுசர், தலையில் துண்டு. வாருபலகையால் உப்பைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும்தான் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். இவர் கட்டியது மட்டும் வேறு. நெற்றிக்கு மேல் துணியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி, கூரை இறவாணம் மாதிரி மடித்துவிட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "அவரு முண்டாசு அது. அரை மைலுக்கு அந்தாண்ட வந்தாலும் ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்" என்றார். பெரியவரிடமே கேட்டேன், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. "கத்துக்கறது என்னா இருக்கு சார். உப்பு வெள்ளையில கண்ணு கூசுது. கொஞ்சம் முன்னால இழுத்தா நெழலு கெடைக்குது" என்றார்.

அவ்வளவுதான். நிழலுக்காகச் செய்தது, முப்பது வருடத்தில் அவருடைய முகவரியாகிவிட்டது.

மாலையில் வேலை முடிந்ததும் அவரை மறுபடி பார்த்தேன். தொட்டித் தண்ணீரில் முதலில் துண்டை அலசினார், பிறகு சட்டையை, அதன் பிறகுதான் தன் கால்களை. "உப்புத்தண்ணி காஞ்சா துணி ஒடிஞ்சிரும் சார். நல்ல தண்ணியில ரெண்டு அலசு அலசணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். பையிலிருந்து மடித்த வெள்ளைச் சட்டை வந்தது, வேட்டி வந்தது, சின்ன சீப்பு வந்தது. வரப்பின் மேல் டீக்கடைப் பக்கம் நடந்தார். அளத்து வரப்பு வழுக்கும். பகலெல்லாம் அதில் நடந்து பழகிய கால், தார் ரோட்டுக்கு வந்த பிறகும் அவசரப்படாமல், பாதம் முழுசாகப் பதிந்து, முதுகு நேராகப் போயிற்று. தம்பி, நீ கேட்டாயே ஸ்டைல், நான் பார்த்ததிலேயே நல்ல ஸ்டைல் அதுதான்.

நடை என்று நான் சொல்வது இதை. ஒருவன் செய்கிற வேலை அவன் உடம்பில் எழுதிவிட்டுப் போகிற எழுத்து. கடையில் கிடைக்காது. ஆனால் கெடுத்துக்கொள்ளலாம். கைப்பேசிக்குள் குனிந்து குனிந்து இருபது வயதிலேயே முதுகு கூனிப்போன பிள்ளைகளை இந்தச் சாலையிலேயே பார்க்கிறேன். மூவாயிரம் ரூபாய்ச் சட்டை அந்தக் கூனல் மேல் தொங்குகிறது. சட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

நடையைப் பற்றிப் பேசும்போது பாரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவர் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1908 முதல் 1918 வரை பத்து வருடம் புதுச்சேரியில் இருந்தார். முறுக்கு மீசையும் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் இன்று ஒவ்வொரு பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியிலும் வருகின்றன. அவை ஒரே நாளில் வந்தவை இல்லை. எட்டயபுரத்துப் பிராமணப் பையன் 1898ஆம் ஆண்டு வாக்கில் காசிக்குப் போனான். அங்கேதான் குடுமி போய் கிராப்பு வந்தது, மீசை வந்தது, வடநாட்டுத் தலைப்பாகை வந்தது. தங்கியிருந்த அத்தை வீட்டில் இதற்காக முகச்சுளிப்பு இருந்தது. பையன் விடவில்லை. ஊர் திரும்பினாலும் விடவில்லை, வறுமையிலும் விடவில்லை. கோட்டு பழசுதான், அடியில் சட்டை கிழிந்திருந்தால் அதையும் அந்தக் கோட்டு மூடிக்கொண்டது. கிடைத்திருக்கிற அவர் புகைப்படங்கள் மிகச் சில. அத்தனை சொற்பமான படங்களிலிருந்து ஒரு நூற்றாண்டாகக் குழந்தைகளுக்கும் அடையாளம் தெரிகிற ஓர் உருவம் நின்றுவிட்டது. புதுமைப் பெண்ணைப் பாட வந்தபோதும் அந்த மனிதர் புடவையையும் நகையையும் பற்றிப் பேசவில்லை, நடையையும் பார்வையையும்தான் முன்னால் வைத்தார். பாட்டியின் வரிசை அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது உடைக்கு வருகிறேன். இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் மண்ணுக்கு உடை விஷயத்தில் இரண்டாயிரம் வருடப் பழக்கம் உண்டு. இந்தப் பக்கமெல்லாம் ஓய்மா நாடு. நல்லியக்கோடன் என்ற சிற்றரசன் ஆண்டது. அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை, பாடியவர் நல்லூர் நத்தத்தனார். அதில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்வார்கள். பசியோடு வந்த பாணனுக்கு நல்லியக்கோடன் என்ன செய்தான் தெரியுமா? சாப்பாடு அப்புறம். முதலில் உடை. மூங்கிலின் உள்தோலை உரித்தது போல மெல்லிய வெள்ளைத் துணி. சரிகை கிரிகை ஒன்றும் சொல்லவில்லை புலவர். மெலிவும் வெண்மையும் போதுமென்று நினைத்திருக்கிறார். இந்த வெயிலுக்கு அதுதான் உடை என்று அவருக்குத் தெரியும்.

ஒரு சட்டை எப்படி இருக்க வேண்டும்? எனக்குத் தெரிந்ததைவிடத் தையல்காரருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு இருபத்தாறு வருடமாக ஒரே தையல்காரர். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் சின்னக் கடை. முதல்முறை போனபோது ஓர் அளவுச் சட்டையைக் கொடுத்து "இதே மாதிரி தச்சிடுங்க" என்றேன். விரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தச் சட்டையே உங்களுக்குத் தச்சது இல்லையே" என்றார். உண்மை. என் தம்பிக்குத் தைத்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். தோள் தையலைக் காட்டினார். அது தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். ஓர் அங்குலம் கீழே இறங்கினால் இரவல் சட்டை, மேலே ஏறினால் பள்ளிக்கூடத்துச் சட்டை. கழுத்துப் பட்டி மூடினால் உள்ளே இரண்டு விரல் போய்வர வேண்டும். "மீதியெல்லாம் பிரிச்சுத் தச்சிடலாம்ணே. தோளை மட்டும் பிரிச்சுத் தைக்கச் சொல்லாதீங்க, அதுக்குப் புதுசே தச்சிடலாம்" என்றார். காஜாவைக் கையால்தான் போடுவார். ஒவ்வொரு காஜாவையும் எச்சில் தொட்ட நூலால் நிமிர்த்திவிட்டு, பொத்தானை ஒருமுறை போட்டுக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார். இன்றைக்கு நான் போட்டிருப்பதும் அவர் தைத்ததுதான். இதே வெட்டு, இதே காலர், வெள்ளை அல்லது மங்கிய நீலம். வருடத்துக்கு இரண்டு. இருபத்தாறு வருடமாகக் காலையில் எதைப் போடுவது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. அந்த நேரத்தில் செய்தித்தாள் படிக்கிறேன்.

நிக்கிற மாதிரி ஒண்ணு என்று கேட்டீர்களே, தையல்காரரை மாற்றாதீர்கள். நான் சொல்லக்கூடிய ஒரே உபாயம் இது.

ஆனால் குறைத்துக்கொள்வதுதான் ஆணுக்கு அழகு, எளிமையே சிறப்பு என்று பேசிவிட்டு நான் உட்கார்ந்துவிட முடியாது. அது பாதி உண்மை. அதைச் சொல்வதற்குக் காந்தியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

காந்தி லண்டனுக்குப் படிக்கப் போன புதிதில் எப்படி இருந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். பாண்ட் தெருவில் பத்துப் பவுனுக்கு மாலை உடுப்பு, பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி, கடிகாரத்துக்கு அண்ணனிடம் எழுதி வாங்கிய இரட்டைத் தங்கச் சங்கிலி. கழுத்துப்பட்டையைக் கட்டவும் முடியை வகிடெடுக்கவும் தினம் பத்து நிமிடம் பெரிய கண்ணாடி முன்னால். நடனம் கற்றார், வயலின் கற்றார். அந்தப் பித்து மூன்று மாதம்தான், உடையில் இருந்த கவனம் பல வருடம் போகவில்லை என்றும் எழுதுகிறார். மதிலோரம் நிற்கும் தம்பிகளுக்கு இது ஆறுதலாக இருக்கும். மகாத்மாவும் கண்ணாடி பார்த்தவர்தான்.

அந்த மனிதர்தான் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காலை மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து முழங்கால் அளவு துண்டோடு வெளியே வந்தார். அதுவும் திடீரென்று இல்லை. வங்காளத்துப் பாரிசாலில் ஒருமுறை நினைத்தார், விட்டுவிட்டார். வால்டேரில் கிலாபத் தலைவர் முகமது அலியைக் கைது செய்தபோது இன்னொருமுறை நினைத்தார், விட்டுவிட்டார். மதுரைக்கு வரும் ரயிலில் அந்நியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் கதர் கட்டுங்கள் என்று சொல்ல, எங்களுக்கு அதை வாங்க வசதியில்லை என்று அவர்கள் தலையாட்ட, மூன்றாவது முறை முடிவு செய்தார். முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் தவணை வைத்துக்கொண்டார். அந்தத் தவணை 1948 ஜனவரி வரை ஓடியது. 1931இல் லண்டன் அரண்மனையில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அதே துண்டும் போர்வையும்தான். ஓர் ஆண் தன் உடையைத் தேடிக் கண்டுபிடித்ததற்கு இதைவிடப் பெரிய கதை இந்த நாட்டில் இல்லை. அது நடந்தது தமிழ்நாட்டில்.

உப்பு அளத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும். கடல் தண்ணீர் பாத்தியில் ஏறும்போது அதன் உப்படர்த்தி மூன்று டிகிரி. வெயில் குடிக்கக் குடிக்க மானியில் டிகிரி ஏறும். இருபத்தைந்துக்கு வந்த பிறகுதான் உப்பு பூக்கும். அதற்கு முன்னால் எத்தனை அவசரப்பட்டாலும் சுண்ணாம்பும் ஜிப்சமும்தான் படியும். லண்டன் தொப்பி மூன்று டிகிரி. மதுரைத் துண்டு இருபத்தைந்து. நடுவில் முப்பத்துச் சொச்சம் வருட வெயில்.

சரி. இப்போது மறுபாதி.

காந்தி சட்டையைக் கழற்றி ஒன்பது வருடம் ஆன பிறகு, 1930 டிசம்பரில், இதே தமிழ்நாட்டில் ராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிக்கச் சாதியார் சிலர் கூடி ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய சாதி பற்றிய நூலில் பட்டியலே இருக்கிறது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் தானாகக் கழற்றிய சட்டை, இன்னொருவருக்குப் போடக் கூடாது என்று விலக்கிய சட்டை. இரண்டும் ஒரே மாநிலம், பத்து வருடம்கூட இடைவெளி இல்லை. அப்படித் தடுக்கப்பட்டவனிடம் போய், எளிமையே அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்குச் சட்டை போடுவதுதான் அழகு. மடிப்புக் கலையாமல் போடுவது, செருப்புச் சத்தம் கேட்கத் தெருவில் நடப்பது. அதனால்தான் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் கழுத்துப்பட்டையும் விடவில்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனார். அவர் படத்தைத் தேடிப் பாருங்கள். தலைப்பாகையும் கோட்டுமாக எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். கோழியாளம் நமக்கு ரொம்பத் தூரமில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதற்கே, ஆள் வந்தால் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கே, ரத்தம் சிந்திய நாடு இது. நம் தோளில் கிடக்கிற துண்டுக்கு இந்தக் கதை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

ஆகையால் குறைப்பதா கூட்டுவதா என்பது அவரவர் எங்கே நின்று தொடங்குகிறார் என்பதைப் பொறுத்தது. பெரியார் ஈரோட்டில் பணக்கார வியாபாரி வீட்டுப் பிள்ளை. காங்கிரசில் இருந்தபோது கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். 1945இல் அதே மனிதர் கறுப்புச் சட்டையைக் கையில் எடுத்தார். நிலைத்த உடை என்றால் மாறாத உடை இல்லை. காரணம் மாறினால் உடையும் மாறும், காரணமே இல்லாமல் மாறினால்தான் சந்தேகப்பட வேண்டும். உடையே காரணமாகிப்போனவரும் உண்டு, இங்கிலாந்தில் பிரம்மெல் என்று ஒருவர் இருந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க ஆண்கள் போடுகிற அடர்நிறக் கோட்டும் முழுக்கால் பேண்ட்டும் அவர் வழி வந்தவை. உடுத்துவதைத் தவிர வேறு காரியம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கடனில் மூழ்கி ஊரை விட்டு ஓடி, 1840இல் பிரான்சில் ஒரு மனநலக் காப்பகத்தில் செத்துப்போனார்.

வேட்டியைப் பற்றி ஏதும் சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த விழாவுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று உள்ளே விடவில்லை. ஆகஸ்டிலேயே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. வேட்டிக்காக யாரையாவது தடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதம். நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் சட்டம் வந்து பத்து வருடம் தாண்டிய பிறகு கல்யாண வீடுகளில் பார்க்கிறேன். மாப்பிள்ளைத் தோழர்கள் ஒட்டு நாடா வைத்த வேட்டிக்குள் நின்றுகொண்டு, அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையை இடுப்பிலேயே வைத்திருக்கிறார்கள். தடுக்க ஆள் இல்லை, கட்டத்தான் ஆள் இல்லை. நாலு முழம் போதும், ஒரு வாரம் வீட்டில் கட்டிப் பழகுங்கள். பக்கத்து ஆரோவில்லில் வெள்ளைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொபெட் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு வருவது உங்களுக்கு வராதா?

உடுத்தினால் போதாது, பேணவும் வேண்டும். உங்கள் ஊரோடு சேர்த்துப் பேசப்படுகிறவர் கடுவெளிச் சித்தர். கெஞ்சி வாங்கிய தோண்டியைக் கூத்தாடி உடைத்த ஆண்டியைப் பற்றிய பாட்டு அவர் பேரில்தான் வழங்குகிறது. வேதாந்தமாக அதற்குப் பெரிய பொருள் சொல்வார்கள், சொல்லட்டும். மாதத் தவணையில் செருப்பு வாங்கி மழையில் போட்டுவிட்டுப் போகிற பிள்ளையைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆண்டிதான் ஞாபகம் வருகிறார். இந்தக் கடலோரக் காற்றில் எதுவும் சும்மா கிடந்து பிழைக்காது. இரும்புக் கொக்கி துருவாகி வேட்டியில் கறை இறங்கும். தோல் செருப்பு நாலே மாதத்தில் வெடிக்கும், எண்ணெய் தடவினால் நாலு வருடம் வரும். வேர்வை காய்ந்து முதுகில் வெள்ளைக் கோடு போட்டுவிடும். துவைக்கிற பொறுப்பை அம்மாவிடமோ மனைவியிடமோ தள்ளிவிட்டுத் தனக்கொரு ஸ்டைல் இருப்பதாகச் சொல்கிறவனை நான் நம்புவதில்லை. அது அவள் ஸ்டைல். அந்த அளத்துப் பெரியவர் துண்டைத் தானே அலசினார்.

பாவனைக்கு வந்துவிட்டேன். கடுவெளிச் சித்தரின் கதையே அதைப் பற்றியதுதான். அரச மரத்தடியில் புற்று மூடத் தவம் இருந்தவரை, அவர் தவத்தால்தான் மழை இல்லை என்று பயந்த அரசன் ஒரு நடனப் பெண்ணை அனுப்பிக் கலைக்கிறான். பிறகு கோயில் விழாவில் அவள் ஆடும்போது கால் சலங்கை கழன்று விழுகிறது. தாளம் தப்பிவிடுமே என்று சித்தர் எழுந்து, சபை நடுவே குனிந்து, அதை எடுத்து அவள் காலில் கட்டிவிடுகிறார். ஊர் சிரிக்கிறது. அவர் பாட, லிங்கம் வெடிக்கிறது. மாகாளேசுவரர் கோயிலில் மூன்றாகப் பிளந்த லிங்கத்தைச் செப்புப் பட்டையால் பிணைத்து வைத்திருப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறவர்கள். சம்பந்தர் பாடிய தலம், அதன் மகிமையை அளக்க நான் ஆளில்லை. நான் கதையில் பார்ப்பது அந்தக் குனிதலை. ஒரு பெண்ணின் காலடியில் ஓர் ஆண், அதுவும் பெரிய ஆள், எல்லோர் முன்னாலும் குனிந்தான். காரணம், ஆட்டம் கெடக் கூடாது. சிரித்த ஊருக்கு அது மானக்கேடாகத் தெரிந்தது. உங்கள் ஊரே காலம் காலமாகச் சித்தர் பக்கம் நின்று இந்தக் கதையைச் சொல்லி வருகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காந்தி தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த தொடக்க நாட்களில், டர்பனில், பாலசுந்தரம் என்ற தமிழர் அவரிடம் வந்தார். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, கிழிந்த துணியோடு, வாயில் ரத்தம் ஒழுக நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரன் முன்னால் போனால் கூலிகள் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது வழக்கம், அதே வழக்கத்தில் காந்தி முன்னாலும் நின்றார். காந்தி அவரைத் துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை காந்தி தன் சுயசரிதையில் மறக்காமல் எழுதியிருக்கிறார். 1893இல் வந்து இறங்கிய புதிதில் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது மறுத்து வெளியே வந்தவர் அவர். தன் தலைப்பாகைக்கு நின்றது ரோஷம். பாலசுந்தரத்தின் தலைத்துண்டுக்கு நின்றதைத்தான் நான் பாவனை என்பேன். உங்கள் எதிரில் நிற்கிறவர் துண்டை இடுக்கிக்கொள்ளாமல், வேட்டியை இறக்கிவிடாமல், நிமிர்ந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உங்கள் நடையையும் உடையையும் நான் பாராட்டுவதற்கில்லை.

மணி எட்டாகிறது. திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் எனக்குப் பேருந்து. அமைப்பாளர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் யாரை அழைத்தாலும் இந்தச் சரிகைப் பொன்னாடையை வாங்காதீர்கள். அதே காசில் கைத்தறியில் நல்ல பருத்தித் துண்டு இரண்டு வரும். அதைப் போர்த்துங்கள். மேடையில் நழுவாது, மறுநாள் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளலாம்.